நீ எடுத்துவிட்ட இரண்டு வரி

பெஹாலா,
கொல்கத்தா.

சிரஞ்சீவி குருபிரசாத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நீ வான்கூவரில் சௌக்கியமாக இருப்பாய், இருக்கவேண்டும். அப்பா முட்டி வலியோடு சௌக்கியம், நான் கோபத்தோடு சௌக்கியம். உன் தங்கை அக்‌ஷயா சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நீ எடிட் பண்ணிய படம் டிவியில் வந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை வீடே அமர்க்களம், பக்கத்து ஃபிளாட் மிதாலி பௌதி, இங்கே அண்ணியை அப்படித்தானே கூப்பிடுவார்கள், சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். எந்தப் படமானாலும் அப்பா முதலில் தனியாகப் பார்த்து, விளக்கு எங்கே பளிச்சுப் பளிச்சென்று அடிக்கிறது என்று சொன்ன பிறகுதான் அக்‌ஷயா பார்ப்பாள், உனக்குத் தெரியாததா? அன்றைக்கு மட்டும் அப்பா பார்க்கவில்லை. நம்ம குரு பண்ணினதைப் போய் என்ன சோதிக்கிறது என்று சிரித்தார். அந்த டான்ஸ் ஹால் காட்சியில் விளக்கு பளிச்சுப் பளிச்சென்று அடித்ததும் அவள் கை வெட்டி வெட்டி இழுத்தது, வலிப்பு வந்து சோபாவிலிருந்து சரிந்து டீப்பாய் முனையில் நெற்றி இடித்து ஒரே ரத்தம். பௌதி பாவம், கையில் கொடுக்க இரும்புச் சாவி தேடி ஓடினாள், அதெல்லாம் வேண்டாம் என்று நான் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். நெற்றியில் தையல். இரண்டு வருஷமாக வலிப்பே வரவில்லை, துர்கா பூஜைக்கு அப்புறம் மாத்திரையைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், இப்போது அந்தப் பேச்சே கிடையாது. கார்டன் ரீச் ஆபீசுக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்வந்தவளை இப்போது அப்பா கூட்டிக்கொண்டு போகிறார். அவமானமாக இருக்கிறதென்று அழுகிறாள்.

இதுகூடப் போகட்டும். நீ அப்பாவிடம் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விளக்கு அடிக்கிற காட்சி உண்டு, வலிப்பு உள்ளவர்கள் பார்க்கவேண்டாம் என்கிற எச்சரிக்கை படத்தின் முதலில் இருந்ததாம், ஆரம்பமே சப்பென்று ஆகிறது என்று டைரக்டர் சொன்னாராம், நீயே எடுத்துவிட்டாயாம், இரண்டு வரிதானே என்றாயாம். நன்றாக இருக்கிறதடா உன் நியாயம்! பூஜைப் பந்தல் விளக்குகளுக்கு நடுவே வலிப்பு வராமலிருக்க டாக்டர் சொன்னபடி அவளுடைய ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கூட்டிப்போனவன் நீ. தெரியாதவன் செய்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். எல்லாம் தெரிந்தவன், என் வயிற்றில் பிறந்தவன் செய்தாயே. எங்களை ஏமாற்றிவிட்டாய், எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

நீ அனுப்பிய மன்னிப்பு மெசேஜை அவள் படித்தாள். பதில் போடேன் என்றேன், மாட்டேன் என்றாள். எனக்கு அம்மா பக்கத்தில் இருந்தாள், என்னைப் போல வலிப்பு இருந்து ரூமில் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு யார் இருந்தார்கள் என்று அண்ணாவைக் கேள் என்றாள். கேட்டுவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்கு ஒன்றும் கட்டாமல் வெளியே கிளம்பாதே. கோபம் இருப்பதால் என் ஆசீர்வாதம் குறைந்துவிடாது, தீர்க்காயுசாக இரு. மறக்காதே, அந்த இரண்டு வரியைத் திரும்பப் போட்ட பிறகு போன் பண்ணு. அதற்கு முன்னால் பண்ணினால் நானும் எடுக்கமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
ரங்கநாயகி