அம்மாவின் எடை

அன்புள்ள அம்மாவுக்கு டிலானி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

பள்ளிக்கூடத்துக்கு ஆகஸ்ட் லீவு. அங்குள்ள பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் தினமும் சைக்கிளில் போய் வருகிறேன். இங்கே எம்பிலிப்பிட்டியவில் நம் தேயிலைத் தோட்டம் போல ஏற்றமில்லை.

அடுத்த வாரம் நீங்கள் வந்ததும் பஸ் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளில்தான் கூட்டிப்போவேன். அதற்காக அரிசி மூட்டையைப் பின்னால் வைத்துப் பழகுகிறேன். நேற்று மூட்டை விழுந்துவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வாட்ச்சர் சுனில் அய்யா தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், “நங்கி, அம்மாவையும் இப்பிடித்தான் போடுவீங்களா?” என்று சிரித்தார்.

தபாலகம் மூடுமுன் முடிக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசில் ஒருதரம் தொங்கிப் பார்த்து உங்கள் எடையை எழுதுங்கள். அந்த அளவுக்கே மூட்டை கட்டுகிறேன். சாக்குக்கென்று அங்கே இரண்டு கிலோ கழிப்பார்களே, அதைக் கழித்துவிடாதீர்கள். எனக்கு நீங்கள் முழுசாக வேண்டும்.

மகள்,
டிலானி