இடது பக்கம் தள்ளிய தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக அம்மாவிடம். படித்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவாள். என் படிப்பு நின்றுவிடும். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நலம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் என்னை இங்குள்ள மீன் ஓட்டலுக்கு அழைத்துப்போனார்கள். மாமாவின் தாத்தா காலத்து ஓட்டலாம். வாசலில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் இடம் கிடைத்தது. முழு மீனைப் பொரித்து வைத்தார்கள். அந்த வாசனையில் நம் ஊர் ஓட்டலும் நம் மூலை மேசையும் ஞாபகம் வந்து, தட்டை இடது பக்கம் தள்ளிவிட்டேன். அங்கே நீங்கள்தானே உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுப்பீர்கள். அன்று உட்கார்ந்திருந்தது மாமா.

"வேண்டாமாம்மா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று மீனை எடுத்துக்கொண்டார்.

"எங்கண்ணன் பொண்ணுக்கு மீன் பிடிக்காதா? நல்ல கூத்து" என்று அத்தை சிரித்தார்.

பத்தாவது படிக்கிறவள் முள் எடுக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் மீன் என்றால், எனக்கு மட்டும் அத்தை தனியாக முட்டை பொரித்துத் தருகிறார். இப்போது உண்மையைச் சொல்லப் பயமாக இருக்கிறது.

வரும்போது என் பழைய போர்வையைக் கொண்டுவாருங்கள். முள் எடுக்கவும் கற்றுக்கொடுங்கள். இல்லை, அது வேண்டாம். இன்னும் ஒரே ஒரு தடவை நீங்களே எடுத்துக்

அத்தை கதவைத் தட்டுகிறார்.