பத்துக்குப் பத்து

மாரிகுப்பம்
14.9.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

திலகா வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

கல்லூரியில் போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். வேதியியல் ஆய்வகத்தில் கயல்விழி என்ற மாணவி டிபன் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே சோறு இல்லை, இங்குள்ள தங்கச் சுரங்கத்தின் சயனைடு கலந்த கழிவு மண். அதில் அமிலம் ஊற்றப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மிஸ், பாதாம் வாசனை வரும்னு நீங்கதானே சொன்னீங்க? மோந்து பாக்கலாம்னுதான்" என்றாள்.

சயனைடில் அமிலம் பட்டால் பாதாம் வாசனையோடு கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும் என்று பரீட்சையில் சமன்பாட்டோடு எழுதியவள் அவள். பத்துக்குப் பத்து போட்டவள் நான்.

நேற்று விடுதியில் பாதாம் பால் கொடுத்தார்கள். வாசனை பட்டதுமே டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் ஜன்னல்களைத் திறந்துவைத்துத்தான் பாடம் எடுக்கிறேன். குளிர்கிறது, என் ஸ்வெட்டரை அனுப்புங்கள். அதோடு என் பழைய பி.எஸ்சி. நோட்டும் வேண்டும். அந்தச் சயனைடு கேள்விக்கு அன்று நான் என்ன எழுதினேன் என்று பார்க்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது, அம்மா. அதே விடையை எழுதி அதே பத்து வாங்கிய முப்பத்தொரு பேர் ஆய்வக வாசலில் நிற்கிறார்கள்.

திலகா