ரெண்டு விசிலும் பாப்பா ரூமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், எங்களோடு சேர்ந்து அவளுடைய முட்டிவலியும் நன்றாக இருக்கிறது. அங்கே குன்றின்மேல் நீயும் நீ தினமும் பறக்கவிடுகிற வானிலைப் பலூன்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசலாம் என்றால் நீ தண்ணீர்த்தொட்டிமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது, அப்போதும் பாதிப் பேச்சில் காற்று உன் குரலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, அம்மா இந்தப் பக்கம் சாப்ட்டியா சாப்ட்டியா என்று கத்திக் கத்தி எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் ஜன்னலைத் திறந்து ஆச்சு ஆச்சு என்று பதில் சொன்னார். ஆகவே கடிதமே உத்தமம். அண்ணன் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அவன் மகள் வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அத்தை எப்போது வருவாள் என்று கேட்கும்போது பாதி சொல்லும் பாதி காற்றுமாக வருகிறது. மருமகளுக்கு வேலை மாற்றல் ஆகும் போலிருக்கிறது, ஆகட்டும், ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம். நான் ஓய்வு பெற்ற பிறகு எடை கூடிவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள், பழைய பஸ் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தால்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

போன கடிதத்தின் கடைசியில் நீ ஒரு வரி எழுதியிருந்தாய். அம்மாவுக்கு நான் இந்த வேலைக்கு வந்ததே பிடிக்கலையாப்பா, ஒரு தடவை வந்ததோட சரி, அப்புறம் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது சாக்கு சொல்றாங்களே என்று. அதைப் படித்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. தவிர நேராக விஷயத்துக்கு வருவது எனக்கு எப்போதும் வராது என்று உனக்கே தெரியும், கடைத்தெருவைச் சுற்றிவந்துதான் என் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

நான் ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, தச்சரிடம் கொடுத்துக் கட்டிலும் அலமாரியும் போட்டு, படுக்கவும் சமைக்கவும் தோதாகக் கேம்பர் வேனாக மாற்றிவிட்டேன் என்று அண்ணன் உனக்குச் சொல்லியிருப்பான். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றும் சொல்லியிருப்பான். வண்டி நன்றாகத்தான் வந்திருக்கிறது. உன் அம்மா முதல்நாள் டிக்கெட் பரிசோதகர் மாதிரி ஏறி, கட்டிலைத் தட்டி, அலமாரியைத் திறந்து மூடி, இந்தத் தகர டப்பாவுல ரெண்டு பேர் படுக்கலாம், மூணாவது ஆளுக்கு எங்க இடம் என்று கேட்டாள். மூன்றாவது ஆள் யார் என்று நான் கேட்டேன். இறங்கிப் போய்விட்டாள். வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிற மாதிரி கூடாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அதில் உட்காரலாம், சாப்பிடலாம் என்று சொல்லி மறுவாரம் அவளைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

கூடாரக் கடையில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், நல்ல பொறுமை. இதில் இரண்டு வகை உண்டாம். ஒரு வகை வண்டியோடு பிறந்த காது மாதிரி, வண்டி போக வேண்டுமென்றால் முழுவதையும் சுருட்டி எடுக்க வேண்டும். இன்னொன்றுக்கு டிரைவ்-அவே ஆனிங் என்று பெயர், அது தன் காலில் தானே நிற்கும், வண்டியோடு சேருகிற இடத்தை மட்டும் கழற்றிவிட்டு நாம் கடைக்குப் போகலாம், திரும்பிவந்து மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு உடனே இதுதான் பிடித்துவிட்டது. இவர் காலையில பேப்பர் வாங்கப் போயிட்டா நான் போர்வையும் கையுமா வெயில்ல நிக்கணுமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டு என்னைக் கவிழ்த்துவிட்டாள். வண்டியின் உயரம் தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள், கூரை விளிம்பின் உயரத்துக்குத் தகுந்தாற்போல்தான் கூடாரம் எடுக்க வேண்டுமாம். வாழ்நாள் முழுக்கப் பாலத்துக்கு அடியில் பஸ் ஓட்டியவனிடம் உயரமா கேட்கிறாய் என்று நான் மிதப்பாக அளவைச் சொன்னேன். அம்மா குறுக்கே வந்து, அது காலி வண்டியோட அளவு, என் பாத்திர மூட்டையும் நானும் ஏறினா எவ்வளவு இறங்கும்னு அளந்தீங்களா என்றாள். நான் சிரித்தேன். கடைப்பெண் சிரிக்கவில்லை, அம்மா சொல்றது சரிதான் சார், சுமையோட அளந்துட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பி, அம்மாவையும் பாத்திரங்களையும் ஏற்றி, அளந்து, மறுபடியும் கடைக்குப் போனோம். இறங்கித்தான் இருந்தது. எவ்வளவு என்று எழுதினால் இந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

நான் பார்த்து வைத்தது சின்னதாக, கம்பி வைத்த கூடாரம். எடை குறைவு, ஒருவனே நிறுத்திவிடலாம், இரண்டு நாற்காலிக்குத் தாராளம். அம்மா நேராகப் பெரியதின் பக்கம் போய்விட்டாள். அதில் கம்பி கிடையாது, தடித்த குழாய்களில் பம்ப் வைத்துக் காற்றடித்தால் கூடாரம் தானாக எழுந்து நிற்கும், உள்ளே ஓர் ஓரத்தில் படுப்பதற்கென்று தனியாகத் துணி அறை ஒன்று கொக்கியில் தொங்கும். நமக்கு எதற்கு இது, கட்டில்தான் வேனிலேயே இருக்கிறதே, இரண்டு பேருக்கு மாளிகையா என்று நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போய், கைப்பையைத் தலைக்கு வைத்து, கடை நடுவே காலை நீட்டிப் படுத்துவிட்டாள். வந்தவன் போனவன் எல்லாம் எட்டிப் பார்த்தான். எனக்கு மானம் கப்பலேறியது. அவளோ எதையும் கண்டுகொள்ளாமல், என் கால் எங்க முடியுதுன்னு பாத்து விரல் வைங்க என்றாள். வைத்தேன். எழுந்து வந்து, என் விரலிலிருந்து தன் கையால் ஒரு சாண் போட்டாள். அதற்கப்புறமும் துணிச் சுவருக்கு இடைவெளி இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பொண்ணு என்னைவிட ஒரு சாண் உசரம், காலை நீட்டியே படுக்கலாம், இதையே கட்டுங்க என்று கடைப்பெண்ணிடம் சொன்னாள். அப்போதுதான் அந்த மூன்றாவது ஆள் யார் என்று இந்த மரமண்டைக்கு உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு பர்ஸைத் திறந்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் உன்னிடம் வந்திருந்தபோது உன் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து அறைத் தோழியோடு படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய், நாங்களும் நம்பினோம். விடிந்ததும் அம்மா தண்ணீர் பிடிக்கக் கதவைத் திறந்திருக்கிறாள். நடையில், செருப்பு அடுக்குகிற தட்டுக்கும் துடைப்பத்துக்கும் நடுவே, பலூன் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, நீளம் போதாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்து படுத்துக்கொண்டாள், நீ எழுந்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் காபியை வைத்தபோது அப்போதுதான் விழித்தவள் மாதிரி எழுந்தாள். நீ கழுத்தைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனாய். ஊர் திரும்பும்போது ரயிலில் அவள் என்னிடம் சொன்னது இதுதான், அவளைத் தரையில போட்டுட்டு இனிமே நான் கட்டில்ல படுக்க மாட்டேன், கூப்பிட்டா ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன், நீங்க வாயத் திறக்காதீங்க. அதற்கப்புறம் வந்த முட்டிவலி, பல் டாக்டர், அண்ணன் வீட்டு வெள்ளையடிப்பு எல்லாம் அந்தச் சமாளிப்புதான், முட்டிவலி மட்டும் ஓரளவு நிஜம். அந்தக் குன்றில் வேறு தங்குமிடம் கிடையாது, உன் குவார்ட்டர்ஸில் இன்னொரு அறை முளைக்கப் போவதும் இல்லை. உன் வேலை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை பாப்பா. டிவியில் மழை என்று சொன்னால், எங்க பொண்ணு சொல்லித்தான் இவங்களுக்கே தெரியும் என்று தெருவில் ஒருத்தரை விடுவதில்லை. அவளுக்குப் பிடிக்காதது அந்த அட்டைப்பெட்டிதான்.

சரி, மூக்கைத் துடைத்துக்கொள், இனி சிரிக்கிற விஷயம். கூடாரத்தைக் கழற்றி மாட்டிப் பழக வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னாலிருக்கிற மைதானத்தில் போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தோம். அண்ணன் குடும்பம் வந்தது, என்னோடு ஒரே வண்டியில் வருஷக்கணக்காக வேலை பார்த்த கண்டக்டர் மாமாவும் வேடிக்கை பார்க்க நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். காற்றடித்தோம், கூடாரம் கம்பீரமாக எழுந்தது, வேனோடு சேர்த்து வாரைக் கட்டினோம். தரை கல்லாக இருந்ததால் முளை சரியாக இறங்கவில்லை, பழகத்தானே என்று விட்டுவிட்டேன். கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது என்று கடைப்பெண் சொல்லியிருந்ததால் அம்மா வெளியே தள்ளி அடுப்பை வைத்து, குக்கரில் உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டாள். அது வெந்ததும் அவள் வந்து வாரைக் கழற்றுவாள், நான் வண்டியை எடுத்து ஒரு சுற்று போய்விட்டு வருவது என்று ஏற்பாடு. அதுவரை சும்மா இருக்காமல் நான் வண்டியில் ஏறி, என்ஜினைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து உட்கார்ந்திருந்தேன். ஒரு விசில் வந்தது. உடனே இன்னொன்று. அவ்வளவுதான். ரெண்டு விசில் என்றால் ஆள் ஏறியாகிவிட்டது, போலாம் என்று அர்த்தம், அது என் மண்டையில் இல்லை, காலில் இருக்கிறது. காதில் விழுந்ததோ இல்லையோ, என் கால் தானாகக் கிளட்ச்சை விட்டு வண்டியைக் கிளப்பிவிட்டது.

கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்ட பயணி மாதிரி கூடாரம் பின்னாலேயே ஓடிவருகிறது. உள்ளேயிருந்த மடக்கு நாற்காலியும் பாயும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொள்கின்றன. வாலு ஓரமாக நின்று கைதட்டுகிறாள். கண்டக்டர் மாமா பழைய ஞாபகத்தில், ஹோல்டான் ஹோல்டான் என்று எழுந்து நின்று சத்தம் போடுகிறார். நான் பிரேக் போட்டு இறங்குவதற்குள் டர்ரென்று ஒரு சத்தம், வண்டியோடு சேருகிற பட்டையில் ஒரு முழத்துக்குத் தையல் விட்டுப்போய், கூடாரம் காற்றுப்போன பூரியாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அந்தப் பாழாய்ப்போன கால் அப்போது ஓடாது. போச்சு, இனி இவள் இந்த வண்டிப் பக்கமே வரமாட்டாள், பாப்பாவைப் பார்க்கப் போவதும் அவ்வளவுதான் என்று நின்றேன். அம்மா நிதானமாக அடுப்பை அணைத்தாள். நடந்துவந்தாள், என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, சரிந்துகிடந்த துணியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். துணி மூலை மூலையாக அசைந்தது. பிறகு தலைமுடியில் புல்லோடு வெளியே வந்து, பாப்பா ரூமுக்கு ஒண்ணும் ஆகலை என்றாள். அந்த அறைக்குப் பெயர் வைத்தது அப்போதுதான். கண்டக்டர் மாமா பார்க்கிறாரே என்று நான் குனிந்து முளைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

கிழிந்த இடத்தை அம்மாவே மெழுகு தடவிய நூலால் இரட்டைத் தையல் போட்டுவிட்டாள், மேலே தடவக் கடைப்பெண் ஒரு பசை கொடுத்தாள், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது, ஒழுகவில்லை. கண்டக்டர் மாமா மறுநாள் வந்து தன் பழைய விசிலை அம்மா கையில் கொடுத்து, இனிமே நீங்கதான் அண்ணி, இவரை நம்பாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சட்டம் போட்டாகிவிட்டது. குக்கர் அடுப்பில் இருந்தால் வண்டிச் சாவி அவள் இடுப்பில். வாரெல்லாம் கழற்றியிருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்து அவள் ரெண்டு விசில் கொடுத்தால்தான் நான் நகரலாம். மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டோம், கழற்றிப் போவது சுலபம், திரும்பிவந்து அதே இடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக அம்மா தன் செருப்பை வைக்கிறாள், ஒரு ஜோடி இதற்குள் பலியாகிவிட்டது.

அடுத்த மாத ஆரம்பத்தில் கிளம்புகிறோம். அவசரப்படாமல் பகலில் மட்டும் ஓட்டுவேன், கவலைப்படாதே. உன் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற கொடிக்கு அந்தப் பக்கம் சமதரை ஒன்று பார்த்த ஞாபகம், அங்கே நிறுத்திக்கொள்ளலாமா என்று உன் மேலதிகாரியிடம் கேட்டு வை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்றும் எழுது, கூடாரத்தின் முதுகை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். கடைப்பெண் அதைக் கேட்டபோது, அதைச் சொல்லத்தான் அரசாங்கம் எங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், மானத்தைக் காப்பாற்று. உன் கட்டிலை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம், உன் அறையைப் பூட்டிவிட்டு வேலை முடிந்ததும் நேராக எங்களிடம் வா. காலையில் நான் தண்ணீரும் பாலும் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், பாப்பா ரூம் நின்ற இடத்தில் நிற்கும், நீ லீவு நாளில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கு. விசிலை மெதுவாக ஊதச் சொல்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, தொட்டிமேல் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், மழையில் நனைந்த தலையோடு தூங்காதே. நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயமாக, நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் வரவை அல்ல, உன்னிடம் வருவதை எதிர்பார்த்திருக்கும் அப்பா (டிரைவர்)

கண்ணு, அப்பா ஒளிச்சு ஒளிச்சு எழுதறதைப் பாத்து டீ கொண்டுவர்ற சாக்குல வந்து படிச்சிட்டேன். சொல்லாதீங்கன்னா சொல்லாம இருக்க இவருக்கு வராது. எழுதினது எல்லாம் நிஜம்தான், ஒண்ணே ஒண்ணைத் தவிர, நான் அன்னிக்குத் திரும்பி வந்து உடனே படுக்கலை. உன் காலுக்கு என் சேலையைப் போத்திட்டு கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்திருந்தேன். நீ முழிக்கிற நேரம் எடுத்துட்டேன். நம்ம கதவு நிலையில இருக்கற உன் உசரக் கோடு நீ காலேஜ் சேர்ந்தப்போ போட்டது, அதை வெச்சுத்தான் கடையில சாண் போட்டேன். அப்புறம் வளந்திருந்தா எனக்குத் தெரியாதே. தரையில காலை நல்லா நீட்டிப் படுத்து, தலகாணியோட சேத்து அளந்து, உடனே பதில் போடு. பத்தலைன்னா ரூம் துணியை மட்டும் மாத்திக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா.

அம்மா (கண்டக்டர்)