மேற்கே பார்த்து நின்ற நாரை

மக்கா,

நேற்று உன் பறவைக் கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பையைப் பிரித்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். குளத்துச் சேறு காய்ந்த நாற்றம் அப்படியே இருக்கிறது. நீ முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் மணமும் கொஞ்சம். பக்கத்தில் நின்ற பொம்பிளை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

கடைசி மூன்று வருடத்துப் பக்கங்களிலும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள். ஸ்கேல் வைத்து, கோணாமல். படித்தவர்கள் அடித்தாலும் நேராகத்தான் அடிக்கிறார்கள்.

கடைசியில் நாலைந்து வெள்ளைத்தாள் மிச்சம் இருக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பில் நின்றுபோன எழுத்து. நீ எனக்குத் தம்பியாகப் பிறந்ததால் நின்றது. அம்மை களையெடுக்கப் போய்விடுவாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே நின்று வாய்ப்பாடு கேட்பேன். இதை உன்னிடம் எத்தனை தடவை சொல்லிக்காட்டியிருப்பேன். சோறு போடும்போது, துணி துவைக்கும்போது, நீ வளைகுடாவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும்போதுகூட. ஒரு தடவையும் நீ பதில் சொன்னதில்லை.

கடைசியாக நீ வந்தது பெட்டி இல்லாமல். சர்க்கரை உன்னைத் தின்னத் தொடங்கியிருந்தது. கல்யாணமும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் போய், மகளும் கட்டிக்கொண்டு போன பிறகு அந்த ஓட்டுவீட்டில் நீயும் நானும்தான். வளைகுடாக் கடலோரம் பறவை பார்த்துப் பழகிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீ தேரூர்க் குளத்துக்குப் போக ஆரம்பித்தாய். வேலை வெட்டி இல்லாதவன் கொக்கு எண்ணுகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு பறவைக் கணக்கெடுக்கிற கூட்டத்தார் உன்னைத் தேடி வந்தார்கள். தொப்பி போட்ட பேராசிரியர் உன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் குளம் இனி சார் பொறுப்பு" என்றார். உன்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கு நீ சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாய்.

சர்க்கரை கண்ணில் இறங்கியது என் ஒருத்திக்குத்தான் தெரியும். கண்ணாஸ்பத்திரியில் லைட் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வெளிச்சமும் நிழலும்தான் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் காதோரம் சொன்னாய்.

"எக்கா, யாருட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா கொளத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாவ."

அதிலிருந்து மூன்று வருடம் நம் தொழில் எப்படி நடந்தது என்பது உனக்கும் எனக்கும்தான் வெளிச்சம். முழங்கால் வலி என்று சொல்லி என் தோளில் கை வைத்துக் கரையில் நடப்பாய். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொள்வாய். நான் பார்த்துச் சொல்வேன். மூக்கு வளைஞ்சதா, நேரா? காலு மஞ்சளா, சிவப்பா? பறக்கும்போ செறகுல வெள்ளை தெரியுதா? நீ கேட்பாய், நான் சொல்வேன், நீ பெயரைச் சொல்வாய். எண்ணுவது நான். தட்டத் தட்ட எண் ஏறும் சின்ன இரும்பு டப்பாவை என் கையில் தந்திருந்தாய். பத்துக்கு ஒரு தட்டு. தேங்காய்க் களத்தில் இருபது வருடம் எண்ணிய கண் என்னுடையது. ஒரு கூட்டம் எழுந்து சுற்றி உட்காருவதற்குள் சொல்லிவிடுவேன். களத்தில் எண்ணுகிற மாதிரியே, "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் வரும் எனக்கு. முதலாவதை ஒன்று என்று சொல்லி வழக்கமில்லை. நீ அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் சிரிப்பாய்.

நோட்டில் எழுதுவது மட்டும் நீதான். எழுத்து வரியை விட்டு இறங்கி நடக்கும். பஸ்ஸில் வைத்து எழுதினேன் என்று அவர்களிடம் சொல்லிவைத்தாய். மேலே பெயர் உன்னுடையது மட்டும். அது சரிதான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அந்த மாசி மாதம் வரைக்கும்.

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த நேரம். அறுத்த வயலிலெல்லாம் கொக்கு. வடக்கே திரும்பிப் போகிற தாரா வாத்துகளும் மற்றப் பறவைகளும் குளத்தில் தீனி தின்று கொழுத்துக் கிடந்தன. கூட்டத்தார் எல்லாரும் வந்து எண்ணி முடித்து, கரையோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்து, "ஆன்ட்டிக்கும் எல்லாப் பறவையும் தெரியுமா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கும் முன் நீ சொன்னாய்.

"எக்காவுக்குத் தாராவும் தேங்காயும் ஒண்ணுதான். ரெண்டையும் குமிச்சுப் போட்டா எண்ணிருவா."

எல்லாரும் சிரித்தார்கள். நீ எதற்குச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நம் தொழில் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்ற பயம். ஆனாலும் அந்தச் சிரிப்பில் உன் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. டீ கையில் ஆறிப்போனது.

அடுத்த ஞாயிறு நாம் இரண்டு பேரும் மட்டும் போனோம். வெயில் ஏறியிருந்தது. எனக்குக் கால் கடுத்தது. நீ இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிறுத்திவைத்தாய். குளத்து நடுவில் இருக்கும் மண்திட்டு வெறுமையாகக் கிடந்தது. ஒரு காக்கைகூட இல்லை. நான் சொன்னேன்.

"ஏலே, அந்தா திட்டுல ஒண்ணு நிக்கு. ஒடம்பெல்லாம் கறுப்பு. வயிறு மட்டும் வெள்ள. மூக்கும் காலும் நல்ல செவப்பு."

கருநாரை. உன் புத்தகத்தில் அந்தப் படத்தை மட்டும் விரலால் தடவித் தடவி ஓரம் கிழிந்திருக்கும். நம் பக்கம் வந்ததாக யாரும் எழுதியதில்லை என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். எனக்கு அதன் அடையாளம் மனப்பாடம். உன்னைக் கொஞ்சம் துடிக்கவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில், தேங்காய் எண்ணுகவளுக்கு இதுவும் தெரியும்லா என்று சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அவ்வளவுதான் என் கணக்கு.

 பைனாகுலரைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தாய். எந்தப் பக்கமா பாத்து நிக்கு என்று கேட்டாய். மேக்க என்றேன். வெகுநேரம் வைத்த கண் எடுக்கவில்லை நீ. பிறகு மெதுவாக, "பாத்துட்டேன் எக்கா. தெரியுது. நல்லாத் தெரியுது" என்றாய். என் கையிலிருந்த டப்பாவைத் தேடி வாங்கி, பூஜ்யத்துக்குத் திருப்பி, நீயே ஒரு தட்டுத் தட்டினாய்.

"லாபம்" என்றாய்.

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன், கன்னமெல்லாம் கண்ணீர். அம்மை செத்த அன்றைக்குக்கூட நீ அப்படி அழுததில்லை.

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோதே பேராசிரியருக்குப் போன் போட்டுவிட்டாய். மறுநாள் விடியும்போது கரையில் ஆட்கள். பீரங்கி மாதிரி காமிரா. கேரளத்திலிருந்துகூட இரண்டு பேர் வந்தார்கள். மூன்று நாள் நின்றார்கள். திட்டில் நீர்க்காக்கைகள் வந்து சிறகு காயவைத்துவிட்டுப் போயின. வேறு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் உன்னைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். எவ்வளவு நேரம் நின்றது, எந்தப் பக்கம் பார்த்து நின்றது, நடந்ததா, பறந்ததா. நீ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாய். மேற்கே பார்த்து நின்றது என்றாய், ஒற்றைக் காலில் என்றாய், கழுத்தில் வெயில் பட்டுப் பச்சை மின்னியது என்றாய். நான் சொல்லாததையெல்லாம் நீ பார்த்திருந்தாய்.

பேராசிரியர் என்னிடம் திரும்பினார். நீங்களும் பார்த்தீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். நீ என் பக்கம் முகத்தைத் திருப்பினாய். கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது, ஆனால் முகம் என்னைத்தான். நான் ஆமாம் என்றால் உன் பேர் நிற்கும், பொய்யும் நிற்கும். இல்லை என்றால் உன் கண் போனது வெளியே தெரிந்துவிடும். இரண்டுக்கும் பயந்து நான் மூன்றாவதாக ஒன்று சொன்னேன். பயத்துக்குள்ளே அந்த டீக்கடைச் சிரிப்பும் இருந்தது, மக்கா. அதை மறைத்து எழுதினால் இந்த நோட்டிலும் பொய்யாகிவிடும்.

"எனக்கு என்ன தெரியும் சார்? நான் தேங்கா எண்ணுகவ. அவன் பாத்தேன்னு சொன்னான்."

காமிராக்காரன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பேராசிரியர் நோட்டில் கருநாரை என்றிருந்த அந்த ஒரு வரிக்கு நேரே பென்சிலால் கேள்விக்குறி போட்டு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நோட்டைக் கையோடு வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது நீ என் தோளில் கை வைக்கவில்லை. மடைக்குப் பக்கத்தில் கல் தடுக்கி முட்டுக்குத்தி விழுந்தாய். தூக்கப் போனேன். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாய். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, யாரிடமோ பேசுவதுபோல் சொன்னாய்.

"நீ சொன்ன. அதனால நான் பாத்தேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. குளத்துக்கும் போகவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு அவர்கள் கூப்பிடவும் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு, தலைக்கு மேலே பறக்கிறதைச் சத்தத்தை வைத்துச் சொல்வாய். அதையும் பிறகு விட்டுவிட்டாய்.

ஐப்பசியில் உன் காலில் புண் வந்தது. மடைக்கல் தட்டிய அதே இடம் என்று எனக்கு இப்போதும் தோன்றும். டாக்டர் அதெல்லாம் இல்லை, இது சர்க்கரைப் புண் என்றார். அவர் சொன்னால் ஆயிற்றா? பெரியாஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. ஒரு சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிட்டபோது கேட்டாய்.

"எக்கா, அது எந்தப் பக்கமா பாத்து நின்னுச்சு?"

 கஞ்சிச் சொம்பு கையில். யோசிக்காமல் சொன்னேன்.

"கெழக்க."

 நீ உதட்டோரம் லேசாகச் சிரித்தாய். சிறுவயதில் நான் ஒளித்துவைத்த கருப்பட்டியைக் கண்டுபிடித்துவிட்டுச் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. "செரி எக்கா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய்.

பாத்திரம் கழுவப் போன இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் மேற்கே என்றல்லவா சொல்லியிருந்தேன். மூன்று வருடம் நான் சொன்ன எந்தப் பறவையும் எனக்கு மறக்கவில்லை. எது எங்கே நின்றது, எது நொண்டியது, எல்லாம் இப்போது கேட்டாலும் சொல்வேன். இல்லாத ஒன்று எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று எப்படி நினைவிருக்கும்? அது உனக்குத் தெரிந்துதான் கேட்டாய். காலையில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். காலையில் உனக்கு நினைவு தப்பியிருந்தது. கார்த்திகை பிறக்கும்போது நீ இல்லை.

இப்போது மறுபடியும் மாசி. நேற்று நானே கேட்டு விசாரித்துப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். உன் பேரிலிருக்கும் அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. குற்றம் என்னுடையது, அவன் பொய் சொல்லவில்லை, நான் இல்லாததைச் சொன்னேன், அவன் நம்பினான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ அவருக்குக் கண்ணு தெரியாதா?"

நான் அதை யோசிக்கவே இல்லை, மக்கா. உன்னைக் காப்பாற்றப் போய் நீ காத்து வைத்த ஒன்றையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். எத்தனை வருடமாக என்றார். மூன்று என்றேன். அப்படியானால் எண்ணியது யார் என்றார். நான்தான் என்றேன். ஒன்றுகூடத் தப்பில்லை சார், அந்த ஒன்றைத் தவிர என்று கும்பிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"ஒண்ணு பொய்னா, மத்ததுல எது பொய்னு நாங்க எப்படிம்மா கண்டுபிடிக்க?"

ஸ்கேலை எடுத்து என் கண் முன்னாலேயே கோடு போட்டார். நான் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். லாபம், ரெண்டு, மூணு. முப்பத்தெட்டு. ஒரு வரியில் இருந்த கேள்வியை எடுக்கப் போனவள் முப்பத்தெட்டுப் பக்கத்தை அடித்து வாங்கி வந்தேன்.

இன்றைக்கு விடியும்போது குளத்துக்குப் போனேன். உன் டப்பா என் கையில். அதில் எண் இன்னும் ஒன்றில்தான் நிற்கிறது. அதற்குப் பிறகு நீ அதைத் திருப்பவில்லை. பக்கத்துக் குமிழைத் திருகினால் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று நீதான் காட்டித் தந்தாய். எனக்குக் கை வரவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாயால் எண்ணினேன். ஊசிவால் தாரா நூற்று இருபது. நெட்டைக்கால் உள்ளான் நாற்பத்தொன்று. அரிவாள் மூக்கன் ஏழு, அதில் ஒன்று நொண்டி. யாருக்கும் வேண்டாத கணக்கு. உனக்காகத்தான் சத்தமாகச் சொன்னேன். இனி இருக்கிற மட்டும் சொல்வேன்.

திட்டில் ஒன்றும் இல்லை, மக்கா. மேற்கே பார்த்தும் இல்லை, கிழக்கே பார்த்தும் இல்லை.