ஜன்னல் திட்டில் ஒரு தனி டம்ளர்

மாப்ளே,

போன வாரம் அடுப்படி ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருந்தது. பார்த்ததும் உன் ஞாபகம். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அவள் புதுக்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். வார்டுக்கு அனுப்புமுன் எல்லாப் பிள்ளைகளுக்கும் டிபி கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முன்கையில் ஊசி போட்டுப் பேனாவால் வட்டம் வரைந்து, இரண்டு நாள் கழித்துக் காட்டச் சொன்னார்கள். மருமகள் அந்த வீக்கத்தைப் பார்த்துச் சுண்ணாம்பைத் தடவிவிட்டாள்.

"அம்மா, அது வீங்குதான்னு பாக்கத்தான் ஊசியே போட்டாங்க."

"முன்னாடியே சொல்றதுக்கென்னடி?"

அதற்குள் தோல் வெந்துவிட்டது. "ஊசி நாங்க போட்டோம், வைத்தியம் யாரு பாத்தது?" என்று கேட்ட டீச்சர், ரத்தம் எடுத்துப் பார்க்க அனுப்பினார். கிருமி இருந்தது. நெஞ்சுப் படத்தில் ஒன்றும் இல்லை. கிருமி தூங்குகிறது, யாருக்கும் ஒட்டாது, விழித்துக்கொள்ளாமலிருக்கச் சில மாதம் மாத்திரை போட வேண்டும் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே மருமகள் கையால் பேத்தியின் டம்ளர் திட்டுக்குப் போய்விட்டது. பேத்தி அதைப் பார்த்தபடி சொன்னாள்: "மாத்திரையே வேணாம் தாத்தா. போட்டாத்தானே நோயாளின்னு பேரு."

நாம் குவாரியில் கல் உடைத்த நாளில் உனக்கு வந்தது முழு நோய். உன் டம்ளர் மாட்டுக்கொட்டகை மாடத்தில் இருந்தது. "எனக்கு மட்டும் தனி டம்ளரு மாப்ளே, கலெக்டர் வீட்டுலகூட இந்த மரியாதை இருக்காது" என்று சிரித்தாய். இருமல் நின்றதும் மாத்திரைகளைத் தென்னை மூட்டில் புதைத்துவிட்டு, டம்ளரை நீயே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாய். "மாத்திரைய நிறுத்துனாத்தான் இது உள்ள வரும்" என்றாய். இருமல் திரும்பி வந்தது. அப்புறம் எந்த மாத்திரைக்கும் அது கட்டுப்படவில்லை; உன்னையும் கொண்டுபோய்விட்டது.

மறுநாள் காலை, திட்டிலிருந்த டம்ளரை எடுத்துப்போய் மருமகளிடம் நீட்டினேன்.

"மாமா, அது அவ டம்ளரு."

"தெரியும்த்தா. டீய ஊத்து."

ஊற்றினாள். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சீனி பத்தல, இன்னுங் கொஞ்சம் போடு" என்றேன்.

கழுவும்போது அவளே அதை மற்ற டம்ளர்களோடு போட்டாள். எல்லாம் ஒரே செட். இப்போது எது என்று அவளுக்கும் தெரியாது.

தினமும் காலையில் ஆலங்குடி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் பேத்தியிடம், "போட்டியா?" என்று கேட்கிறேன். உன்னிடமும் இதையேதான் கேட்டேன். "போட்டாச்சு மாப்ளே" என்பாய், நானும் நம்பிக்கொண்டு வேலைக்குப் போவேன். இவள் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள்.