கதவைப் பார்த்த கட்டில்

வியாழன், இரவு

இல்லை, அந்தக் கட்டிலை நான் திருப்பவில்லை. எத்தனை தரம் சொன்னாலும் மேற்பார்வை பார்க்கிற ரூபன் அண்ணை நம்பவில்லை.

எங்கள் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரியில் நான் கட்டில் தள்ளுகிறவன். ராணுவக் கிளினிக்கில் இடம் போதாததால், ஒப்பந்தப்படி இந்தக் கிழமை மேல்மாடி அறை ஒன்றை ராணுவத்துக்குக் கொடுத்திருக்கிறோம். அதற்கு முன், போன கிழமை, அந்த அறையில் இருந்த எங்கள் கிழவர் ஒருவர் இறந்தார். கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பச் சொல்லி ஒவ்வொரு நாளும் கத்தியவர்.

இன்று வந்த சோல்ஜர் பெடியனை ஜன்னலைப் பார்க்கத்தான் விட்டேன். இரண்டு காலிலும் மாவுக்கட்டு. பின்னேரம் போனால் கட்டில் கதவைப் பார்த்து நிற்கிறது.

“கிழவர்தான் திருப்பினார்,” என்று பெடியன் இந்த ஊர்ப் பிரெஞ்சில் சொன்னான். என் கையை விடவில்லை. “இரவு வருவியா?”

வருவேன் என்றேன்.

இதைச் சொன்னதும் ரூபன் அண்ணை சிரித்தார். “உனக்கு விசரடா! ஆறு மணிக்குப் பிறகு அந்த அறை ராணுவத்தின்ரை பொறுப்பு. நீ கால் வைச்சால் வேலை போயிடும். பேந்து கொம்மாவுக்கு என்ன சொல்லுவாய்?”

படிப்பை விட்ட எனக்கு இருப்பது இந்த வேலை ஒன்றுதான். ஆனால் பனிப்புயலில் ராணுவத்தின் நேர்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. நான் இதை எழுதுவது அந்த அறைக்கு நேர் கீழே, உடுப்பு மாற்றும் அறையில். மேலே கட்டில் சில்லு உருளுகிற சத்தம் கேட்கிறது.

பெடியன் மணியும் அடிக்கிறான். நான் போகவேணும்.